பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு: வாசகர் கேள்வி – பதில்

ஒன்றுபோலத் தெரியும் போன், லேப்டாப், ரவுட்டர், டிவி எல்லாம் ஏன் இத்தனை மாடல்களில் வருகின்றன, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம்.

கேள்வி: ஒரே நிறுவனம் ஒரே வருடத்தில் சாதா, பிளஸ், புரோ, அல்ட்ரா, லைட் என்று போனாக இறக்கித் தள்ளுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே இருக்கிறது. இத்தனை மாடல் உண்மையிலேயே தேவையா?

பதில்: தேவைக்கு மேல்தான். ஆனால் எண்ணிக்கை மட்டும் வாங்குபவருக்குப் பெரிய கெடுதல் செய்வதில்லை. இருபது போன் இருந்தால் பத்தொன்பதை ஒதுக்கிவிடலாம். பெயர் ஒன்றைச் சொல்லி, உள்ளே வேறொன்று இருக்கும்போதுதான் பணம் வீணாகிறது. மாடல்கள் எப்படிப் பெருகுகின்றன என்று தெரிந்தால் எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

முதல் வழி விலைப் படிக்கட்டு. அடிப்படை மாடலில் சேமிப்பு இடத்தைக் குறைத்து வைத்தால், இன்னும் கொஞ்சம் போட்டு அடுத்ததை எடுக்கலாமே என்று மனம் தானாகப் போகும். இந்தப் படிகளில் இடத்தின் அளவு மட்டும்தான் மாறுகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். 2023-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23-ஐப் பாருங்கள்: 128 ஜிபி போனில் யூஎஃப்எஸ் 3.1 வகைச் சேமிப்பு, 256 ஜிபி போனில் அதைவிட வேகமான யூஎஃப்எஸ் 4.0. 2022-இல் வந்த எம்2 மேக்புக் ஏரின் 256 ஜிபி மாடலில் ஒரே ஒரு சேமிப்பு சிப்தான் இருந்தது. அதற்கு முந்தைய எம்1 மாடலில் இரண்டு சிப்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தன. அதனால் புதிய இயந்திரத்தின் சேமிப்பு வேகம் பழையதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

இரண்டாவது வழி, சிப் தரம் பிரிப்பு. ஒரே தகட்டில் அச்சாகும் சிப்களில் சிலவற்றில் ஓரிரு கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) பழுதாகவே பிறக்கும். அவற்றை அணைத்துவிட்டுக் குறைந்த மாடலாக விற்பார்கள். இது நல்ல வழக்கம். இல்லாவிட்டால் அந்தச் சிப்கள் குப்பைக்குப் போகும். பெயர் நேர்மையாக இருக்கிறதா என்பதுதான் பிரச்சினை. 2016-இல் வந்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1060-இல் 6 ஜிபி, 3 ஜிபி என இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள். வித்தியாசம் மெமரியில் மட்டும் என்றுதான் யாரும் படிப்பார்கள். ஆனால் முதலாவதில் 1280 கோர்கள், இரண்டாவதில் 1152. 2022-இல் இன்னும் துணிந்தார்கள்: ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். கோர்கள் 9728, 7680. உள்ளே இருந்த சிப்பே வேறு. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் அந்த அக்டோபரிலேயே 12 ஜிபி கார்டைத் திரும்பப் பெற்றார்கள். அது 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் வந்தது. கார்டு மாறவில்லை. பெயர் திருந்தியது, அறிவித்த விலையும் கொஞ்சம் குறைந்தது.

மூன்றாவது, ஒரே பொருளுக்குப் பல பெயர். ரெட்மி கே40, போக்கோ எஃப்3, மி 11எக்ஸ் மூன்றும் 2021-இல் வந்த ஒரே போன்தான். கேனான் இஓஎஸ் 700டி கேமராவும் அப்படியே: வட அமெரிக்காவில் ரெபல் டி5ஐ, ஜப்பானில் கிஸ் எக்ஸ்7ஐ. இதனால் நஷ்டம் குறைவு. ஆனால் விமர்சனம் தேடும்போது ஒரு பெயரை மட்டும் போட்டால் பாதித் தகவல் கைக்கு வராது.

குறைக்க முடியாதா என்றால், முடியும். ஸ்டீவ் ஜாப்ஸ் 1997-இல் ஆப்பிளுக்குத் திரும்பியதும் கணினி வரிசையை நான்கே கட்டங்களுக்குள் அடக்கினார்: வீட்டுக்கும் தொழிலுக்கும் தலா ஒரு மேசைக் கணினி, தலா ஒரு கையில் கொண்டுபோகும் கணினி. சாம்சங்கும் 2014 நவம்பரில், அடுத்த ஆண்டில் ஸ்மார்ட்போன் மாடல்களை 25 முதல் 30 சதவீதம் குறைக்கப்போவதாகச் சொன்னது. மாடல் கூடினால் உதிரி பாகம், மென்பொருள், கிடங்கு என்று எல்லாச் செலவும் கூடும் என்பது தயாரிப்பாளர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: நண்பரிடமும் என்னிடமும் ஒரே ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப். ஒரே கேம், ஒரே செட்டிங். அவருடையது சரளமாக ஓடுகிறது, என்னுடையது திணறுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுது இருக்காது. லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 சிப்புக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்பவரே தீர்மானிக்கலாம். 35 வாட்டும் 115 வாட்டும் ஒரே ஸ்டிக்கரோடு கடைக்கு வருகின்றன. மெல்லிய உடலுக்குள் வெப்பத்தை வெளியேற்ற இடமில்லை, அதனால் வாட்டைக் குறைக்கிறார்கள். காரணம் நியாயமானது. அந்த எண்ணைப் பெட்டியின் முகப்பில் போடாததுதான் நியாயமில்லாதது.

இந்த வரிசையில் பாருங்கள். முதலில், என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதிக்குப் போங்கள். அங்கே ‘மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்ற வரியில் வாட் எண் இருக்கும். இரண்டு லேப்டாப்பிலும் அதை ஒப்பிடுங்கள். அங்கேயே பெரிய வித்தியாசம் தெரிந்தால் விடை கிடைத்துவிட்டது. மென்பொருளால் அதை ஈடுகட்ட முடியாது.

எண் ஒன்றாக இருந்தால் ராம் பக்கம் வாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக இருந்தால் மெமரியின் தரவுப் பாதை பாதிதான் திறந்திருக்கிறது. அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி குச்சி சேர்த்தால் பல கேம்களில் திணறல் குறையும். ராம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் இது நடக்காது.

பிறகு சார்ஜர். கூட வந்த பெரிய அடாப்டருக்குப் பதிலாக 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரில் ஓட்டினால் எந்த கேமிங் லேப்டாப்பும் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். கடைசியாக, தயாரிப்பாளரின் மென்பொருளில் ‘சைலண்ட்’ நிலை தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ‘இந்த வருடத்துப் புது பிராசஸர்’ என்று சொல்லி ரைசன் 5 7520யூ உள்ள லேப்டாப்பைத் தந்தார்கள். வேகம் பழையதுபோலவே இருக்கிறதே?

பதில்: எண்ணிலேயே விடை இருக்கிறது. ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் முதல் இலக்கம் வெளியான ஆண்டைக் குறிக்கும். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு. 7520யூ-வில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2, 2019-இல் அறிமுகமான வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3. 7640யூ என்றால் ஜென் 4. பத்து எண் கூடினால் ஒரு தலைமுறையே மாறுகிறது! கடைசி எழுத்தை வைத்தோ பெரிய எண்ணை வைத்தோ தீர்மானிக்காமல் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். இணையம், எழுத்து வேலை, வீடியோ பார்ப்பது மட்டும் என்றால் 7520யூ தாராளமாகப் போதும். புதுசுக்கான விலை மட்டும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: ரவுட்டருக்கு இணையத்தில் கிடைக்கும் திறந்த மூல ஃபர்ம்வேர் (ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள்) போட நினைக்கிறேன். என் மாடல் பெயர் பட்டியலில் இருக்கிறது. அப்படியே போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து இன்னும் போடாதீர்கள். ரவுட்டரில் பெயர் எதையும் உறுதிசெய்யாது; வன்பொருள் பதிப்பு எண்தான் உறுதிசெய்யும். ரவுட்டரைக் கவிழ்த்தால் பார்கோடு பக்கத்தில் ‘வெர்’ அல்லது ‘வி’ என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் இருப்பதையோ கடை ரசீதில் இருப்பதையோ நம்ப வேண்டாம்.

இதற்கு நல்ல பாடம் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. நான்காம் பதிப்பு வரை அது லினக்ஸில் ஓடியது. 4 எம்பி ஃப்ளாஷ் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்), 16 எம்பி ராம். ஐந்தாம் பதிப்பில் ஃப்ளாஷ் 2 எம்பி, ராம் 8 எம்பி என்று இரண்டையும் பாதியாக்கி, இயங்குதளத்தையும் விஎக்ஸ்வொர்க்ஸ் என்பதற்கு மாற்றினார்கள். நீல-கறுப்புப் பெட்டியும் பெயரும் மட்டும் அப்படியே. முன்பு ஓடிய ஃபர்ம்வேர்களுக்கு அதில் இடமே இல்லாமல் போனது. லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்காகப் பழைய வன்பொருளை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனிப் பெயரில் விற்க வேண்டி வந்தது. அந்த ஒற்றை எழுத்து ‘எல்’ செய்தது நேர்மையான காரியம் என்றே சொல்வோம்: பொருள் வேறு என்றால் பெயரும் வேறு.

தவறான பதிப்பின் ஃபர்ம்வேரைப் போட்டால் என்ன ஆகும்? ஃப்ளாஷ் நினைவகத்தில் துவக்க நிரல் எங்கே, அமைப்புகள் எங்கே, வைஃபை அளவுத்திருத்தத் தரவு எங்கே என்ற வரைபடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். தப்பான வரைபடத்தோடு எழுதினால் துவக்க நிரலே அழிந்து ரவுட்டர் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடலாம். துவக்க நிரல் தப்பித்தாலும் வைஃபை தரவு அழிந்தால் சிக்னல் படுத்துவிடும். அதைத் திரும்பப் பெற முன்பே எடுத்த நகல் ஒன்றுதான் வழி.

ஆகவே: பதிப்பு எண் ஃபர்ம்வேர் கோப்பின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். ஃப்ளாஷும் ராமும் அந்த ஃபர்ம்வேர் கேட்கும் அளவுக்கு இருக்க வேண்டும். கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் சரிபார்ப்புத் தொகையை (செக்சம்) ஒப்பிடுங்கள். வைஃபை வழியாக ஏற்றாதீர்கள். லேன் கேபிளில் மட்டும். எழுதி முடிந்து தானாக மறுதொடக்கம் ஆகும்வரை மின்சாரம் போகக் கூடாது, ஐந்து நிமிடம் ஆனாலும் பொறுங்கள். மீட்பு முறை என்ன என்பதையும் முன்கூட்டியே படித்துவையுங்கள். பல ரவுட்டர்களில் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால் மீட்பு நிலைக்குப் போகும்.

கேள்வி: ஒரு எஸ்எஸ்டி வாங்கி நன்றாக வேலை செய்தது. ஒரு வருடம் கழித்து அதே பெயரில் இன்னொன்று வாங்கினேன். பெரிய கோப்புகளை நகலெடுத்தால் நடுவில் நொண்டுகிறது. போலியா?

பதில்: போலியாக இருக்க வாய்ப்பு உண்டு. அசலாகவே இருந்து உள்பாகம் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. இதைத்தான் மாடல் பெருக்கத்தைவிடக் கெட்டது என்கிறோம்: புதுப் பெயர் வைக்க வேண்டிய இடத்தில் பழைய பெயரையே வைத்துக்கொள்வது. குருஷியல் பி2 என்ற எஸ்எஸ்டி முதலில் டிஎல்சி வகை ஃப்ளாஷோடு வந்தது. பிறகு பெயர் மாறாமலேயே கியூஎல்சி-க்குப் போனது. டிஎல்சி ஒரு செல்லில் 3 பிட் எழுதும், கியூஎல்சி 4 பிட். பிட் கூடக் கூட எழுதுவது மெதுவாகும். இதை மறைக்க, டிரைவின் காலி இடத்தில் ஒரு பகுதியை ஒரு பிட் முறையில் வேகமான முன்பகுதியாகப் பயன்படுத்துவார்கள். அது நிரம்பும்வரை எல்லாம் வேகம். நிரம்பிய பிறகு உண்மை முகம் தெரியும்.

சோதிக்கும் முறை: டிரைவில் பாதிக்கு மேல் காலியாக வைத்துக்கொண்டு, இதைவிட வேகமான இன்னொரு டிரைவிலிருந்து 100 ஜிபி அளவில் ஒரே பெரிய கோப்பை நகலெடுங்கள். சிறு சிறு கோப்புகள் வேண்டாம், அவை எந்த டிரைவையும் மெதுவாக்கும். வேகம் ஒரு கட்டத்தில் சட்டென்று விழுந்து, பழைய ஹார்டு டிஸ்க் அளவுக்கோ அதற்குக் கீழோ நின்றால் கியூஎல்சி என்று பலமாகச் சந்தேகிக்கலாம். நகல் நடக்கும்போது வெப்பநிலையையும் பாருங்கள். சூடேறினாலும் வேகம் குறையும், ஆனால் அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஒரே அடியாக விழாது. இரண்டு டிரைவின் ஃபர்ம்வேர் எண்ணையும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஒப்பிடுங்கள். எண் வேறு என்பது மட்டும் ஆதாரமாகாது, ஆனால் பாகம் மாறியிருக்கலாம் என்பதற்கு முதல் தடயம் அது.

ஹார்டு டிஸ்க்கிலும் இதே கதை நடந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிஸ்க்குகள் நாஸ் பெட்டிகளுக்கு (நெட்வொர்க்கில் இணைத்துப் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டிகளுக்கு) என்றே விற்கப்பட்டவை. 2 முதல் 6 டிபி வரையுள்ளவற்றில் எஸ்எம்ஆர் முறை நுழைந்திருப்பது 2020-இல் வெளியே வந்தது. எஸ்எம்ஆரில் தரவுத் தடங்கள் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் மேலே ஏறியிருக்கும் அடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். அன்றாடப் பயன்பாட்டில் இது தெரியாது. ரெய்டில் (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பில்) ஒரு டிஸ்க் பழுதாகிப் புதியதைச் செருகும்போது, மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுத வேண்டும். அப்போது டிஸ்க் பதில் சொல்லத் தாமதிக்கும், நாஸ் அதைக் கெட்டுப்போனதாக நினைத்து வெளியே தள்ளிவிடும். பாதுகாப்புக்கென்று வைத்த அமைப்பு, பாதுகாப்பு தேவைப்படும் நேரத்தில் கைவிடுகிறது. இப்போது பெயரைப் பிரித்துவிட்டார்கள்: ரெட் என்றால் எஸ்எம்ஆர், ரெட் பிளஸ் என்றால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர். நாஸுக்குப் பிளஸையே வாங்குங்கள். இங்கே ஒரு பெயர் கூடியது வாங்குபவருக்கு நன்மைதான்.

கேள்வி: யூஎஸ்பி 3.2 வேண்டுமா, 3.0 போதுமா? டிவியில் எச்டிஎம்ஐ 2.1 என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: யூஎஸ்பியில் பெயரை விட்டுவிட்டு வேகத்தைக் கேளுங்கள். 2008-இல் 3.0 என்று வந்தது பிறகு 3.1 ஜென் 1 ஆகி, அதன்பின் 3.2 ஜென் 1 ஆனது. மூன்றும் விநாடிக்கு 5 ஜிகாபிட்டேதான்.

எச்டிஎம்ஐ 2.1 என்ற எண்ணை மட்டும் நம்ப முடியாது. பழைய 2.0-இன் திறன்களும் 2.1-க்குள் அடக்கப்பட்டுவிட்டன, புதிய திறன்கள் கட்டாயம் இல்லை. கேட்க வேண்டியவை: 4கே படம் விநாடிக்கு 120 முறை வருமா? விஆர்ஆர் (கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உண்டா? எத்தனை துளைகளில் உண்டு? பல டிவிகளில் நான்கில் ஒன்றோ இரண்டோதான் முழு வேகம் தரும். கேபிளுக்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ சான்று லேபிளைப் பாருங்கள். அது விநாடிக்கு 48 ஜிகாபிட் வரை தாங்கும்.

கேள்வி: போன வருடத்து உயர்ரக போனும் இந்த வருடத்து நடுத்தர போனும் ஒரே விலை. எது?

பதில்: அநேகமாகப் போன வருடத்து உயர்ரகம். கேமராவின் சென்சார் அளவு, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, நீர் புகாத் தன்மை, வேகமான சேமிப்பு எல்லாம் அதில்தான் கிடைக்கும். பழைய மாடல்கள் கடையில் தொடர்ந்து இருப்பதால் நமக்குக் கிடைக்கும் நன்மை இது.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். மென்பொருள் புதுப்பிப்புக் காலம் போன் வெளியான நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கும் 2024 ஜனவரியில் வந்த கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு வாக்குறுதி. ஆக 2030 அக்டோபர், 2031 ஜனவரி. அதிலிருந்து இன்றைய தேதியைக் கழித்தால் மிச்சம் உங்களுடையது. விலையை அந்த மிச்ச ஆண்டுகளால் வகுத்து, இரண்டு போனுக்கும் ஒப்பிடுங்கள். புதுப்பிப்பு முடிய இரண்டு ஆண்டுகூட இல்லாத போனை வங்கி வேலைக்கு வைத்துக்கொள்ள நாங்கள் சொல்ல மாட்டோம்.

இன்னொன்று, பேட்டரி. பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் லித்தியம் பேட்டரி மெல்லத் திறன் இழக்கும். வெகுகாலம் கிடந்து சார்ஜ் அடியோடு இறங்கிவிட்டால் சேதம் அதிகம். பெட்டியில் தயாரிப்பு மாதம் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஒரு கடையில் பார்த்த டிவியின் மாடல் எண்ணை வைத்து வேறு கடைகளில் விலை கேட்டால், அப்படி ஒரு மாடலே இல்லை என்கிறார்கள்.

பதில்: பெரிய சில்லறை வணிகங்களுக்கென்று ஒரே டிவிக்கு ஓரிரு எழுத்தை மட்டும் மாற்றித் தனி எண் கொடுப்பது வழக்கம். விலையை ஒப்பிட முடியாமல் போவதுதான் இதனால் அவர்களுக்கு லாபம். எண்ணில் அங்குலம், ஆண்டு, வரிசை ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். அதன்பின் திரையின் புதுப்பிப்பு வேகம் (ஹெர்ட்ஸ்), எச்டிஎம்ஐ துளைகள், ஸ்டாண்டு, ரிமோட், ஒலிபெருக்கியின் வாட் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சில சமயம் எழுத்து மட்டும் மாறியிருக்கும். சில சமயம் 120 ஹெர்ட்ஸ் 60 ஆகியிருக்கும்.

கேள்வி: இத்தனை மாடல் கூடாது என்று சட்டம் போட முடியாதா?

பதில்: எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது சரியான வழி என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒவ்வொரு மாடலுக்கும் பொறுப்பைக் கட்டிவிடுவது மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் இருக்கும் விதி அந்த வகை: ஒரு போன் மாடலின் விற்பனை நின்ற பிறகும் 5 ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு, 7 ஆண்டுக்கு முக்கிய உதிரி பாகங்கள். பேருக்கு ஒரு மாடல் கூடுதலாக இறக்கினாலும் அதன் டிஸ்ப்ளேயையும் பேட்டரியையும் ஏழு ஆண்டு கிடங்கில் வைக்க வேண்டும் என்றால், இறக்குவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

கேள்வி: போன் டிஸ்ப்ளே உடைந்தது. பெயரைச் சொல்லி ஆன்லைனில் டிஸ்ப்ளே வாங்கினேன். கனெக்டரே பொருந்தவில்லை. திருப்பித் தரவும் முடியவில்லை.

பதில்: பெயரில் 4ஜி, 5ஜி, புரோ என்று ஒரு சொல் விட்டுப்போனாலே டிஸ்ப்ளே மாறிவிடும். உள்ளேயிருக்கும் மாடல் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன் பகுதியில் இருக்கும். திரையே வேலை செய்யாவிட்டால் போனின் பின்புறம், சிம் தட்டு, பெட்டி ஆகியவற்றில் தேடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் எம், என், எஃப், பி ஆகியவற்றில் ஒரு எழுத்தில் தொடங்கும் எண் தெரியும். அதன்மேல் தட்டினால் ஏ என்று தொடங்கி நான்கு இலக்கம் கொண்ட எண் வரும். உதிரி பாகத்துக்கு அதுதான் வேண்டும். அந்த முதல் எழுத்து வேறொரு செய்தி சொல்லும்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் நிறுவனம் புதுப்பித்து விற்றது, என் என்றால் பழுதுக்கு மாற்றாகத் தந்தது, பி என்றால் பெயர் பொறித்தது. பழைய ஐபோன் வாங்கும்போதும் இதைப் பாருங்கள்.

புதிய டிஸ்ப்ளே வந்ததும் ஒட்டுவதற்கு முன், பழையதன் கேபிள் நீளம், கனெக்டரின் ஊசி வரிசை, திருகு ஓட்டைகள் மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதிய டிஸ்ப்ளேயைச் செருகி, பேட்டரியை மீண்டும் இணைத்து, பாதுகாப்புத் தாளை உரிக்காமலேயே தொடு உணர்வு, வெளிச்சம், கைரேகை எல்லாம் சோதியுங்கள். தாளை உரித்துவிட்டால் பெரும்பாலான விற்பனையாளர்கள் திருப்பி எடுக்க மாட்டார்கள்.